ஒரே முடிச்சில் நின்ற நூல்

"கூடியிரிக்கா, கொறைஞ்சிரிக்கா? உள்ளதச் சொல்லுடி."

"கொஞ்சம் ஆடாம இருங்க ராத்தா. நூல் வழுக்குது."

றாஹிலா மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலின் விளிம்பில் இருந்தாள். சட்டையின் இடப்பக்கம் தளர்ந்திருந்தது. பார்வை கூரைத் தகட்டில். தங்கை ஹிமாயா வெள்ளை நூலின் நுனியை மார்புக் கட்டியின் ஒரு ஓரத்தில் வைத்து, மறு ஓரம் வரைக்கும் இழுத்து, பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"அதே முடிச்சுதான்."

"மெய்யாவா?"

"நீங்களே பாருங்க. போன மாசம் நிண்ட முடிச்சுலதான் நிக்கிது. ஒரு நெல்லுமணி அளவும் தாண்டல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் றாஹிலா. நூலைச் சுருட்டிப் பவுடர் டின்னுக்குள் போட்டு மூடினாள். "அப்ப பட்டினி போட்டா அது அடங்கித்தான் இரிக்கி."

"பட்டினி அதுக்கில்ல, உங்களுக்கு. மாப்பிள்ளை வீட்டில உங்களுக்குப் பேர் வெச்சிட்டாங்க தெரியுமா? வட்டிலப்பம் தின்னாத மாமியாம்."

இருவரும் சிரித்தார்கள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அது. மாதத்தின் முதல் வெள்ளி அளக்கும் நாள்; கட்டி வளர்ந்திருந்தால் நூலில் புதிதாக ஒரு முடிச்சு விழும்.

மார்ச்சில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சாம்பிள் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று உள்ளேயிருந்து கூப்பிட்ட குரல் நோயாளியைத் தேடவில்லை. "கூட வந்தவங்க ஆரு?" என்றுதான் கேட்டது. இந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். புருசன் முகைதீன்பாவாவும் ஹிமாயாவும் எழுந்து போனார்கள். றாஹிலா வெளியே மர வாங்கில் கைப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். திரும்பி வரும்போது ஹிமாயாவின் கையில் ஒரு கடிதம் இருந்தது.

"என்னவாம்?"

"கொழுப்புக் கட்டி ராத்தா. பயப்பட ஒண்டுமில்லயாம்."

"ஒண்டுமில்லாததுக்கா இங்கிலீஷ்ல இவ்வளவு எழுதியிரிக்கி?"

"ஒண்டுமில்ல எண்டுறதயும் ஒரு பக்கத்துக்கு எழுதினாத்தான் அவங்க டொக்டர்."

ஹிமாயா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சர். றாஹிலாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அதுவரை வந்ததில்லை. வீட்டுக்கு வந்த கடிதங்களை எல்லாம் தங்கைதான் வாசித்துச் சொன்னாள். சுனாமி எடுத்த வீட்டுக்குப் பதிலாக அரசாங்கத் திட்டத்து வீடு கிடைத்த கடிதத்தையும் அவள்தான் வாசித்தாள். மருதமுனைக் கடலோரத்து வீட்டு வளவையும் உம்மாவையும் தண்ணீர் கொண்டுபோன பிறகு, அக்காவும் தங்கையும் பள்ளிக்கூட முகாமில் நாலு மாதம் ஒரே பாயில் படுத்தார்கள். அதற்குப் பிறகு ஹிமாயா சொன்னால் றாஹிலா திருப்பிக் கேட்பதில்லை.

சீனியை நிறுத்தச் சொன்னவள் பக்கத்து வீட்டு றஹீமா. "கட்டி சீனியத் தின்னுதான் வளருமாம். நீ தின்னாட்டி அது எந்தக் கடையில போய் வாங்கும்?" என்றாள். மே மாதத்திலிருந்து றாஹிலா சீனியைத் தொடவில்லை. திங்களும் வியாழனும் மனதில் நிய்யத் வைத்து நோன்பு பிடித்தாள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம்கூட வேண்டாமென்று வெறும் தண்ணீர் குடித்தாள். முதல் இரண்டு மாதங்களில் இரண்டு முடிச்சு கூடிய கட்டி, அதன் பிறகு அசையாமல் நின்றது. ஜூனில் மகள் சரீபாவின் நிக்காஹ் நடந்தது. பாலமுனை மாப்பிள்ளை மிஹ்லார் வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்து குடியேறினான். வந்த எல்லோருக்கும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் பரிமாறியவள், விரலில் பட்டதைக்கூட நக்காமல் கழுவினாள்.

அந்த ஆகஸ்ட் வெள்ளிக்கிழமையின் பின்னேரம் முகைதீன்பாவா இறக்காமத்து வயலிலிருந்து வந்தார். மோட்டார் சைக்கிளைச் சாத்திவிட்டு முற்றத்துக் குழாயில் கால் கழுவினார்.

"என்ன, அறக்கொட்டி இன்னும் தின்னுதா?" என்று றாஹிலா கேட்டாள்.

அறக்கொட்டி என்பது பயிரின் அடித்தாளில் குந்தியிருந்து சாறு உறிஞ்சும் பழுப்புப் பூச்சி. அது விழுந்த இடத்தில் வயல் வட்டமாகக் கருகும்.

"எங்கட வயல்ல வட்டம் நிண்டுட்டு. ஒரு கிழமையாப் பெருக்கல்ல."

"நல்லம் தானே. ஏன் மையவாடியில ஆள அடக்கிட்டு வந்த மாதிரி முகம்?"

"நல்லமா? நீயும் ஒரு விவசாயிட பொஞ்சாதி." அவர் வாசற்படியில் இருந்தார். "சாறு இருக்குமட்டும் அதுக்குக் கட்டைச் சிறகு. பறக்க ஏலா. குந்தின இடத்தில உறிஞ்சும், முட்டை இடும், பெருகும். நெரிசலாகிச் சாறும் வத்திட்டெண்டா, புறகு வாறதுக்கு நீளச் சிறகு முளைக்கும். அது முட்டை இட அவசரப்படாது. முதல்ல பறக்கும். வட்டம் பெருக்காம நிண்டா, வாய்க்காலுக்கு அங்கால போய்ப் பாக்கணும்."

"பாத்தீங்களா?"

"நேத்தே பாத்திருக்கணும். வட்டம் நிண்ட சந்தோசத்தில வந்துட்டன். இண்டைக்குப் பாத்தா அங்கால உள்ள ஹமீட்ட வயல் பூராப் போய்ட்டு." அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் முன்னுக்குக் கண்டவன். ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தா அவன் மருந்து அடிச்சிருப்பான்."

அன்று அவர் சோறு தின்னவில்லை. மறுநாளும் இல்லை. றாஹிலாதான் பிசைந்து ஊட்டாத குறையாக இருந்து தின்ன வைத்தாள்.

அடுத்த ஆண்டு பெரும்போக நெல்லு அறுத்து முடிந்த நாட்களில் அவளுக்கு முதுகு வலி தொடங்கியது.

"வாயு" என்றாள் ஹிமாயா. எண்ணெய் சூடாக்கித் தேய்த்தாள்.

"வாயுவெண்டா ஓடித் திரியும். இது ஆணி அடிச்ச மாதிரி ஒரே இடத்தில நிக்கிது."

"எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க ராத்தா. கட்டி எப்படி? அதே முடிச்சுதானே?"

"அதே முடிச்சுதான்."

"அப்ப என்ன பயம்?"

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, தொழுகைப் பாயிலிருந்து அவளால் எழும்ப முடியவில்லை. முகைதீன்பாவா வயலுக்கும் ஹிமாயா பள்ளிக்கூடத்துக்கும் போயிருந்தார்கள். றஹீமாதான் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். றாஹிலா நோன்போடு போனாள். கைப்பைக்குள் பவுடர் டின்னையும் வைத்துக்கொண்டாள்.

முதுகைப் படம் பிடித்தார்கள். பழைய கோப்பையும் தேடி எடுத்து வந்தார்கள். காரைதீவைச் சேர்ந்த டொக்டர் தர்சினி ஊருக்கு மாற்றம் கிடைத்து வந்து ஒரு மாதம்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோப்பைப் புரட்டினாள். மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க ஏன் மகரகமவுக்குப் போகல்ல?"

"எங்க?"

"மகரகம கென்சர் ஆஸ்பத்திரிக்கு. போன வருசம் மார்ச்சில கடிதம் தந்திருக்கே."

றஹீமா கதிரையில் நிமிர்ந்தாள். றாஹிலா, டொக்டர் வேறு யாருடைய கோப்பையோ பார்க்கிறாள் என்று நினைத்தாள்.

"எனக்கு ஆரும் கடிதம் தரல்ல டொக்டர். எனக்குக் கொழுப்புக் கட்டி."

"உங்கட ஆக்கள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்க. இந்தா பாருங்க."

இங்கிலீஷ் கையெழுத்து. முதலெழுத்தின் கால் நீண்டு, தூண்டில் முள் மாதிரி வளைந்து, பெயரின் கடைசி வரை ஓடியிருந்தது. சரீபாவின் பள்ளிக்கூட றிப்போட்டில் இங்கிலீஷ் ரீச்சர் போட்டு, றாஹிலா வருடா வருடம் பார்த்த கையெழுத்து. அதை அறிய வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

டொக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்களுக்கு ஒண்டும் சொல்லல்லயா?"

றாஹிலா கைப்பையைத் திறந்து, டின்னைத் திறந்து, நூலை எடுத்து மேசையில் நீட்டி வைத்தாள்.

"ஆனா அது வளரல்ல டொக்டர். இந்தா. முதல் ரெண்டு மாசம்தான் கூடின. நான் சீனிய விட்டு, நோன்பு துவங்கின புறகு ஒரு வருசமா இந்த முடிச்சத் தாண்டல்ல. வளராத சாமான் எப்படி முதுகுக்குப் போகும்?"

"முதுகெலும்புல இருக்கு அக்கா. படத்தில தெரியுது."

"அதான் கேக்கன். அதுக்குத் தின்ன நான் ஒண்டும் குடுக்கல்லயே."

டொக்டர் நூலைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் முடிச்சுகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க சீனி தின்னாட்டியும் உடம்பு விடாது. சோத்தில, இறைச்சியில, சேத்து வெச்ச கொழுப்புல இருந்தெல்லாம் சீனி செஞ்சு ரத்தத்தில ஓட விடும். அது இல்லாட்டி மூளை வேலை செய்யாது. அத மறிச்சுக் கட்டிய மட்டும் பட்டினி போட ஏலாது."

"அப்ப ஏன் நிண்ட?"

"கட்டி ஒரே இடத்தில இருக்கக்கொள்ள அதின்ட உயிர்க் கலங்களுக்குப் பெருகிறதுதான் வேலை. சீனிய அள்ளி அள்ளி அரைகுறையா எரிக்கும். மிச்சத்தப் புளிப்பா வெளிய விட்டுரும். போகப் போக இடம் நெரிசலாகும், புளிச்சுப் போகும், காத்தும் காணாமப் போகும். அப்ப சில கலம் மாறும். பெருகிறதக் குறைச்சிரும். தின்னுறதயே மாத்திரும். கொழுப்பு, மத்தக் கலம் விட்ட புளிப்பு, கிடைச்சத எடுத்து முழுசா எரிக்கும். அந்தச் சத்தெல்லாம் பெருகிறதுக்கில்ல, நகர்றதுக்கு. எல்லாருக்கும் இப்படித்தான் நடக்குமெண்டு நான் சொல்ல மாட்டன். இப்பதான் ஒவ்வொண்டாக் கண்டுபிடிக்கிறாங்க. ஆனா கட்டி சும்மா நிக்கிறத வெச்சு அது உறங்குதெண்டு நினைக்க ஏலாது. நிக்கிற நேரம்தான் சிலது வெளிக்கிடும்."

"போன இடத்தில?"

"இடம் பிடிச்சா, திரும்பவும் பெருகத் துவங்கும்."

றாஹிலா டொக்டரின் கையில் இருந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிறகு கட்டியிரிக்கி" என்றாள்.

"என்ன அக்கா?"

"ஒண்டுமில்ல டொக்டர். எங்கட வயல்ல ஒரு பூச்சி."

"நோன்புதான் அத அனுப்பின எண்டு மட்டும் நினைச்சிராதீங்க. நோன்பு அதுக்கு ஒண்டும் செய்யல்ல. உங்களுக்குப் போனது நாள்தான்."

"போன வருசம் போயிருந்தா?"

டொக்டர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து வைத்தாள். "போன வருசம் கேட்டிருந்தா வேற பதில் சொல்லியிருப்பன். இப்ப வலியக் குறைக்கலாம், காலத்த நீட்டலாம். எவ்வளவுக்கெண்டு அங்க போய்ப் பாத்தாத்தான் தெரியும். புதுக் கடிதம் எழுதித் தாறன்."

"எண்ட கையில தாங்க."

"ஓம். உங்கட கையிலதான்."

வெளியே வந்து ஓட்டோவில் ஏறும் வரைக்கும் றஹீமா வாய் திறக்கவில்லை. அவளுக்கு அது பெரிய வேலை. வீட்டு வாசலில் இறங்கிய பிறகு தன் வீட்டுக்கு ஓடிப் போய், மூன்று பேரீச்சம்பழத்தைத் தாளில் சுற்றிக்கொண்டு வந்து, றாஹிலாவின் கைப்பைக்குள் வைத்தாள்.

"நான்தானேகா சீனிய விடச் சொன்ன."

"நீ கேள்விப்பட்டதச் சொன்ன. நீ ஒண்டயும் ஒளிக்கல்ல. போ."

மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கால்மணி நேரம் இருந்தது. சந்தியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். வடக்கே சண்டை முடிந்துவிட்டதென்று ரேடியோ காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. ஹிமாயா வழமைபோல் வந்து, அக்கா நோன்பு திறந்ததும் குடிக்கச் சீனி போடாத தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். முகைதீன்பாவா முற்றத்துக் குழாயில் கால் கழுவினார்.

"ஹிமாயா, மகரகம எங்க இரிக்கி?"

கோப்பை சாசரில் தட்டியது.

"கொழும்புப் பக்கம்."

"பஸ்ஸில எவ்வளவு நேரம்?"

"ஒரு பகல் போகும்."

"பகல் ஒண்டுதானா? எனக்குப் பதினாலு மாசம் போயிரிக்கி."

குழாய் நின்றது. முகைதீன்பாவா ஈரக் காலோடு வாசலில் நின்றார்.

"ஆரு சொன்ன?" என்றார்.

"சொல்ல வேண்டியவங்க சொல்லல்ல. உள்ளுக்கு வாங்க சரீபாட வாப்பா. நிண்டுகொண்டு கேட்டா உங்களுக்கும் கால் வலிக்கும்."

ஹிமாயா நிலத்தில் இருந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அழுகைக்கிடையில் சொல்லத் தொடங்கினாள்.

"சரீபாட நிக்காஹ் பேசி முடிஞ்ச நேரம் ராத்தா. மிஹ்லார்ட உம்மா வீடு வீடா விசாரிச்சுக்கொண்டு திரிஞ்சா. தாய்க்கு இந்த நோய் எண்டா மகளுக்கும் வருமெண்டு கதைக்கிற ஊர் இது. நிக்காஹ் முடிஞ்ச கையோட உங்களக் கூட்டிப் போறதெண்டுதான் நானும் மச்சானும் கதைச்ச."

"நிக்காஹ் ஜூன்ல முடிஞ்சு."

"அப்ப ரோட்டெல்லாம் பயம். பஸ்ஸில குண்டு, வழியெல்லாம் செக்பொயின்ட்."

"புறகு?"

"றமழான் வந்திட்டு."

"புறகு?"

"புறகு…" ஹிமாயா தலையை நிமிர்த்தவில்லை. "கட்டி வளரல்ல ராத்தா. எண்ட கையாலதானே அளந்தன். ஒவ்வொரு மாசமும் பயந்து பயந்துதான் நூலப் பிடிப்பன். அதே முடிச்சு. நான் சொன்ன பொய்ய அல்லாஹ் மெய்யாக்கித் தாறான் எண்டு நினைச்சன்."

"எனக்குச் சொன்னா நான் சபையில போய்ச் சொல்லியிருப்பனா? எண்ட மகள்ட நிக்காஹக் குழப்புவனா? நானே வாய மூடிக்கொண்டு, உம்றாவுக்கு விசா எடுக்கப் போறன் எண்டு சொல்லிட்டுக் கொழும்புக்குப் போய் வந்திருப்பன். பொய் சொல்ல எனக்கும் தெரியும். எண்ட பொய்ய நானே சொல்ல விட்டிருக்கலாம்."

"நாங்க உன்னப் பாதுகாக்கத்தான் புள்ள" என்றார் முகைதீன்பாவா.

றாஹிலா அவர் பக்கம் திரும்பினாள். முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப வேண்டியிருந்தது.

"ஹமீட்ட வயல் போன நாளு இந்தப் படியில இருந்து எனக்கு என்ன சொன்னீங்க?"

அவர் வாசற்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"வட்டம் பெருக்காம நிண்டா எங்க போய்ப் பாக்கணும்? சொல்லுங்க. ஹிமாயாவும் கேக்கட்டும்."

"வாய்க்காலுக்கு அங்கால" என்றார் மிக மெல்ல.

"அண்டைக்குக் காலையிலதான் எண்ட கட்டிய அளந்த. நிண்டுட்டெண்டு நான் சந்தோசப்பட்ட. என்னத்துக்குப் பட்டினி கிடக்கன் எண்டு தெரிஞ்சுகொண்டு, எனக்குப் பக்கத்துல இருந்துதான் பூச்சிட கதையச் சொன்னீங்க. ஹமீட்டுக்கு ஒரு நாள் பிந்திட்டெண்டு ரெண்டு நாள் சோறு தின்னல்ல. நான் பிசைஞ்சு தந்தன்."

"அது பூச்சி, இது நோய். ரெண்டும் ஒண்டெண்டு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். தெரிஞ்ச ஆக்கள்கிட்ட என்னக் கூட்டிப் போகத் தெரியும் தானே."

சந்தியில் மறுபடியும் வெடி. ஹிமாயா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் அழுகையோடு ஒரு கோபமும் வந்திருந்தது.

"நீங்க எனக்கு மறைக்கல்லயா? சுனாமியில போன உம்மாட மையத்து கிடைச்சு மையவாடியில அடக்கின புறகும், ஆஸ்பத்திரியில இரிக்கா, நாளைக்குப் பாக்கலாம் எண்டு மூணு நாள் சொன்னீங்க. நான் வயித்தில புள்ளயோட இரிக்கன் எண்டு மறைச்சீங்க. அதுக்காக நான் உங்களோட கோவிச்சனா? ஆள் தாங்காது எண்டா மறைக்கிறதுதானே எங்கட வழக்கம். உங்களப் பாத்துத்தான் நான் பழகின."

றாஹிலா தங்கையைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"ஓம். மறைச்சன்."

"அப்ப அது சரி, இது பிழையா?"

"உம்மா மௌத்தாகியிருந்தா ஹிமாயா. நீ அறிஞ்சிருந்தாலும் அவ எழும்பி வரமாட்டா. நான் ஹயாத்தோட, உசிரோட இருந்தன்."

பாங்கு சொன்னது. ஹிமாயா பழக்கத்தில் தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். றாஹிலா அதை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து தாளைப் பிரித்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி வாயில் போட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு இனிப்பு. அவள் அதை மெதுவாக மென்றாள். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தேத்தண்ணிக்குச் சீனி போடு."

"ராத்தா, டொக்டர்…"

"சாப்பிட்டு உடம்பத் தேத்தச் சொன்னா. எது என்னத் தின்னுதெண்டு தெரியாம, நான் எதத் தின்னாம விடுறதெண்டு பாத்துக்கொண்டிருந்திருக்கன்."

ஹிமாயா குசினிக்குப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்தாள். மூடி இறுகிக் கிடந்தது. பக்கத்தில் றாஹிலா கொண்டுவந்து வைத்த பவுடர் டின் திறந்து கிடந்தது.

"நூல் எங்க ராத்தா?" என்று அங்கிருந்து கேட்டாள். "டின் மட்டும்தான் இரிக்கி."

"டொக்டர் கோப்புக்குள்ள வெச்சிட்டா. உண்ட கையெழுத்துக்குப் பக்கத்தில."

வியாழக்கிழமை விடிந்ததும் கல்முனை பஸ் நிலையத்தில் ஹிமாயா உடுப்புப் பையோடு நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள்.

"நானும் வாறன். அங்க சிங்களத்திலயும் இங்கிலீஷிலயும்தான் கதைப்பாங்க. உங்களுக்கு ஆரு விளங்கப்படுத்துற?"

"சரீபா வாறா. மிஹ்லார் வாறார். நீ வீட்ட போ."

"சரீபாவுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்? அவ ஓ.எல். சோதினையில எடுத்த மார்க் எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச ஆளாலதான் நான் இப்படி ஆன."

ஹிமாயா பையைக் கீழே வைத்தாள். முகைதீன்பாவா பஸ்ஸின் யன்னலோரம் வந்து, இருக்கையில் தலையணையை வைத்துச் சரிசெய்தார். றாஹிலா தடுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. பஸ் வெளிக்கிடும்போது அவரும் ஹிமாயாவும் ஒருவரையொருவர் பார்க்காமல், பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

அக்கரைப்பற்றைத் தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து மிஹ்லார் முன்னுக்குச் சாய்ந்தான்.

"மாமி, எனக்கு அப்பவே சொல்லியிருந்தாலும் நான் நிக்காஹ விட்டிருக்க மாட்டன்."

"இப்ப சொல்றது லேசு மகன்."

"எண்ட உம்மா விட்டிருக்கவும் கூடும்" என்றான் கொஞ்சம் யோசித்து. "மெய்யாத் தெரியாது."

"அது நல்ல பதில்" என்றாள் றாஹிலா.

அவள் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"வாசி."

சரீபா ஐந்து மாத வயிற்றில் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டாள். "உம்மா, எனக்கு எல்லாம் விளங்காது."

"விளங்கினத மட்டும் சொல்லு. விளங்காததுக்கு விளங்கல்ல எண்டு சொல்லு. இடையில நீ ஒண்டும் வெக்காத."

சரீபா விரலை வைத்து வாசித்தாள். உம்மாவின் பெயர் என்றாள். வயது நாற்பத்தெட்டு என்றாள். இடது பக்கம் என்றாள். பிறகு விரல் ஒரு நீளமான சொல்லில் நின்றது. வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். கண் நிறைந்து வந்தது.

"இது என்னெண்டு எனக்குத் தெரியல்ல உம்மா."

"சரி" என்றாள் றாஹிலா. "அதில விரல வெச்சிரு. அங்க போய்க் கேப்பம்."